யாருடையது என்று கேட்டார்

ஜூலை 15
பிராட்டன், ஐடஹோ

நேற்று மதியம் ஜாமீனில் விட்டார்கள். வெள்ளிக்கிழமை பிடித்ததால் திங்களன்று நீதிபதி வரும்வரை உள்ளே இருக்க வேண்டியதாயிற்று. அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. போர்வை கொடுத்தார்கள், யாரும் கை வைக்கவில்லை. அவ்வளவு போதும்.

மற்றதை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள் அதுவே சுற்றிக்கொண்டிருக்கும்.

மினசோட்டாவிலிருந்து காரில் யெல்லோஸ்டோன் பார்க்க வந்தோம். இவர், நான், மகள் நிலானி. பார்த்து முடித்துவிட்டு, பாய்சியில் இருக்கும் இவருடைய கல்லூரி நண்பர் சந்திரமோகன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். ஐடஹோவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல். வேகம் கூடிவிட்டதென்று ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். இன்ஷூரன்ஸ் தாளை எடுக்க இவர் டேஷ்போர்டைத் திறந்தார். மூன்று பாக்கெட்டுகள் சரிந்து என் காலடியில் விழுந்தன.

கம்மீஸ். சர்க்கரை தூவிய ஜெல்லி மிட்டாய் போலத்தான் இருக்கும். எங்கள் ஊரில் மளிகைக் கடையிலேயே சோடா பாட்டில்களுக்குப் பக்கத்தில் தொங்கும். வயதுக்குச் சான்று காட்டினால் பில் போட்டுத் தந்துவிடுவார்கள். படுக்கப் போகுமுன் ஒன்று போட்டுக்கொண்டால் தூக்கம் வரும் என்பார்கள்.

போலீஸ்காரர் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை முழுக்கப் படித்தார். பிறகு குனிந்து, இது யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

இவரும் நிலானியும் இன்று காலை ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இவருக்கு ஆபீஸில் விடுப்பு இல்லை. நான் இந்த மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

ஜூலை 16

மோட்டல் அறைக்கு ஒரு ஜன்னல். அதற்கு எதிரே டயர் கடை. சின்ன அடுப்பு ஒன்று இருக்கிறது, அதனால் சோற்றுக்குக் கவலையில்லை. இதை நடத்தும் டோனாவுக்கு அறுபது வயதிருக்கும். கோமதி என்ற என் பெயரைச் சொல்ல மூன்று தடவை முயன்றுவிட்டு, "கோமா... நான் உன்னை ஹனின்னு கூப்பிட்டுக்கறேன்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். யார் ஆங்கிலத்தில் பேசினாலும் எனக்குள் தமிழாகத்தான் பதிகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நீதிபதி போட்ட நிபந்தனைகள்: பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கும். தினமும் காலையில் ஓர் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதிவு செய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். என்னுடைய நிறம் மஞ்சள். மஞ்சள் என்று வந்தால் உடனே போய் ஒரு பெண் அதிகாரி பார்த்திருக்க, போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

வக்கீல் ரூத் ஹேல் வந்து பார்த்தாள். ஒல்லியான பெண்மணி, பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறாள். மேஜைமேல் இருந்த இந்த நோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வழக்கைப் பத்தி எதுவும் எழுதாதீங்க."

"இது தமிழ்."

"மொழிபெயர்க்கிறவங்க எங்கேயும் இருக்காங்க. நீதிபதி படிச்சாலும் பரவாயில்லைங்கிறதை மட்டும் எழுதுங்க."

சரி என்றேன்.

ஜூலை 18

இந்த ஊர் நூலகம் சின்னது, ஆனால் கம்ப்யூட்டர் வேகமாக இருக்கிறது. இன்று முழுக்க அங்கேதான் இருந்தேன். எந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கிறேன் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

புரிந்தவரை எழுதுகிறேன். ஹெம்ப் என்ற சொல்லுக்கு அகராதியில் சணல் என்று போட்டிருக்கிறது. சணல் என்றால் சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சாக்குதான். இது வேறு. கஞ்சாச் செடியேதான் இது, போதை தருகிற சத்து மட்டும் மிகக் குறைவாக இருக்கும். அந்தச் சத்தின் பெயர் டிஎச்சி. காய்ந்த எடையில் அது நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகாவிட்டால் அந்தச் செடி போதைப்பொருளே அல்ல என்று 2018இல் மத்திய அரசு சட்டம் போட்டது. கயிறு திரிக்கவும் துணி நெய்யவும் விவசாயிகளுக்கு உதவட்டும் என்று போட்ட சட்டம். ஆனால் மிட்டாய் கனமான பொருள். அந்த 0.3 பங்குக்குள்ளேயே ஆளைத் தூங்க வைக்கும் அளவு டிஎச்சியைப் போட்டுவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு பெட்ரோல் பங்கு வரை விற்பனை. அதையும் இப்போது மாற்றப் போகிறார்களாம்.

மத்தியச் சட்டம் அப்படி இருந்தாலும், தன் எல்லைக்குள் வேறு சட்டம் வைத்துக்கொள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிமை உண்டு. மினசோட்டாவில் இத்தனை மில்லிகிராம்வரை விற்கலாம். வேறு சில மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கிய கடைகளில் மட்டும். ஐடஹோவில் டிஎச்சி துளி இருந்தாலும் அது கஞ்சா. மிட்டாய்க்குள் இருக்கிற சத்தை மட்டும் அவர்கள் நிறுப்பதில்லை. சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்து முழு மிட்டாயையும் தராசில் வைக்கிறார்கள். மூன்று பாக்கெட்டும் சேர்ந்து மூன்று அவுன்ஸைத் தாண்டிவிட்டது. அதனால் பெரிய குற்றம், ஐந்து வருடம்வரை சிறை.

அன்று காலை அது மளிகைச் சாமான். மதியம் பெருங்குற்றம். நடுவில் சாலையோரத்தில் ஒரு வரவேற்புப் பலகை வந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 19

பச்சை. என்னைக் கூப்பிடவில்லை.

ஜூலை 22

மஞ்சள். போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் அதிகாரி சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது சங்கடம்தான் என்று நினைக்கிறேன்.

பயணத்துக்கென்று நான் அரைத்துக் கொண்டுவந்திருந்த குருமாப் பொடியை வந்ததும் கொட்டிவிட்டேன். அதில் கசகசா இருக்கிறது. கசகசா தின்றாலே பரிசோதனையில் அபின் என்று காட்டக்கூடுமாம். நாற்பத்தொரு வயதில் கசகசாவுக்குப் பயப்படுகிறேன்.

இவர் போன் செய்தார். ரிசல்ட் என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று வந்தது என்றேன். "அப்பாடா" என்றார். வேறென்ன வரும் என்று நினைத்தாராம்?

ஜூலை 25

பாய்சிக்குப் போவதற்கு நீதிமன்றத் தடை எதுவும் இல்லை, அதுவும் ஐடஹோதானே. சந்திரமோகன் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. அவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கும் கிரீன் கார்டு நடந்துட்டிருக்கு. இந்த நேரத்துல வீட்டு விலாசம் கோர்ட்டு பேப்பர்ல வந்துச்சுன்னா..."

"பரவாயில்லப்பா. சும்மாதான் கேட்டேன்."

"எதுனாலும் போன் பண்ணுங்கக்கா."

அவர் மேல் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை. எழுந்துபோய்ச் சட்னிக்குத் தேங்காய்த் துருவல் கிடைக்குமா என்று கடையில் தேடினேன். சர்க்கரை போட்டதுதான் இருந்தது.

ஜூலை 28

டோனாவிடம் வேலை பார்த்த பெண் நின்றுவிட்டாளாம். விரிப்புகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

"நீ சும்மாதானே இருக்கே? காலையில ரெண்டு மணி நேரம் துவைச்சு மடிச்சுத் தா. வாடகையில கழிச்சுக்கறேன்."

"என்னால முடியாது டோனா. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை."

"வாடகையில கழிக்கிறதுதானே? அது வேலையா?"

அதுவும் வேலைதான். என் வேலை அனுமதி அட்டை காலாவதியாகி, புதுப்பிக்க அனுப்பி ஒரு வருடமாகிறது. இவருடைய ஹெச்-1பி விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஹெச்-4 நான். பதினோரு வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். இவர் வேலையில் இருக்கும்வரை நாங்கள் மூவரும் இங்கே இருக்கலாம். இதையெல்லாம் டோனாவிடம் சொன்னேன். அவள் விரிப்பை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்படின்னா நீ இங்கிருந்து போகவும் முடியாது, இங்கே இருந்து எதுவும் செய்யவும் முடியாது."

"ஆமா."

"இந்தச் சட்டத்தை யோசிச்சவன் நல்லாத்தான் யோசிச்சிருக்கான்" என்றாள்.

மடிக்க மட்டும் உதவினேன். காசுக்கு இல்லை, சும்மா.

ஜூலை 30

நிலானி போனுக்கு வரவில்லை. குளிக்கிறாள் என்றார் இவர். நேற்று தூங்குகிறாள் என்றார். அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் போதைப்பொருள் பற்றி வருடந்தோறும் வகுப்பு எடுக்கிறார்கள், சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாள்.

"அவகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"என்ன சொல்ல? அம்மா தெரியாம செஞ்சிட்டா, சரியாயிரும்னு சொல்லியிருக்கேன்."

நல்ல பதில்தான்.

ஆகஸ்ட் 1

போதைப் பழக்கம் இருக்கிறதா என்று மதிப்பிட நீதிமன்றம் ஓர் ஆளிடம் அனுப்பியது. பூனைப் படம் போட்ட கோப்பையில் காப்பி குடிக்கும் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"எத்தனை நாளா சாப்பிடறீங்க?"

"கொஞ்ச நாளா."

"வாரத்துக்கு எத்தனை?"

"ஒண்ணு, ரெண்டு."

"சாப்பிட்டா எப்படி இருக்கும்?"

"தூக்கம் வரும்."

"என்ன சுவை வாங்குவீங்க?"

மாம்பழம் என்றேன். அவர் கையிலிருந்த வழக்குத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பிறகுதான் ரூத்திடம் இருந்த போட்டோவில் பார்த்தேன், மூன்று பாக்கெட்டிலும் ராஸ்பெர்ரி படம்.

பழத்தின் பெயர் மறந்துபோவது யாருக்கும் நடக்கும்.

ஆகஸ்ட் 5

அரசு வக்கீல் ஓர் ஏற்பாடு சொல்லியிருக்கிறார். பெருங்குற்றத்தைச் சிறு குற்றமாக, அதாவது வெறுமனே வைத்திருந்த குற்றமாகக் குறைத்துவிடுவார். நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அபராதம் கட்டினால் போதும், சிறை கிடையாது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். பதின்மூன்றாம் தேதி கையெழுத்து, அன்று மாலையே வீடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூத் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்த ஊர்ல பிறந்தவங்கன்னா நானே பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு முடியாது."

"ஏன்? தள்ளுபடி ஆயிடும்ங்கிறீங்களே?"

"மாநிலம் தள்ளுபடி செஞ்சாலும் குடியேற்றச் சட்டம் தள்ளுபடி செய்யாது. ஒப்புக்கிட்டீங்களா, ஏதாவது தண்டனை இருந்துதா, அவ்வளவுதான் கேக்கும். அதோட கணக்குல அது போதைப்பொருள் தண்டனை. முப்பது கிராமுக்குள்ள இருந்தா ஒரு சின்ன விலக்கு உண்டு. மிட்டாயோட எடையைச் சேர்த்தா நாம அதைத் தாண்டிட்டோம்."

"தாண்டினா?"

"கிரீன் கார்டு கிடையாது. நாடு கடத்தலாம். திரும்பி வரவும் முடியாமப் போகலாம்."

கையெழுத்துப் போட்டால் இந்த ஊரை விட்டுப் போகலாம். கூடவே நாட்டை விட்டும் போக வேண்டியிருக்கும். போடாவிட்டால் டயர் கடையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

ஆகஸ்ட் 6

இவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் கோமு. எங்க கம்பெனி அட்டர்னிகிட்ட நான் கேட்டேன்."

"எப்போ?"

"போன வாரம். இல்ல, அதுக்கு முந்தின வாரம்."

"என்ன சொன்னாரு?"

"உன் அப்ளிகேஷன மட்டும் தனியா பிரிச்சிரலாமாம். எங்க ரெண்டு பேரோடதுக்கும் ஒண்ணும் ஆகாதாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேக்கியா? நீ அங்க மாசக்கணக்குல கிடக்கறத என்னால பாக்க முடியல. கையெழுத்துப் போட்டுட்டு வா. அப்புறம் மெதுவா பாத்துக்கலாம். தேவைப்பட்டா கொஞ்ச நாள் நீ சங்கரன்கோவில்ல அத்தைகூட இரு. நாங்க லீவுக்கு வருவோம்."

"எங்க ரெண்டு பேரோடதுன்னா சொன்னீங்க?"

"எது?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டீங்களா?"

ஆகஸ்ட் 7

துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 9

காட்டுத்தீ. இந்த ஊருக்கு வெகு தூரத்தில்தான் எரிகிறது, ஆனால் புகை வந்து உட்கார்ந்துகொண்டது. சூரியன் மதியத்திலேயே ஆரஞ்சு வில்லை மாதிரி தெரிகிறது. ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று டோனா அறைக்கு அறை சொல்லிக்கொண்டு போனாள். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி வைத்தேன். புகை எங்கேயும் போகாததற்குக் காரணம் சுற்றிலும் மலை இருப்பதுதானாம்.

எங்கேயாவது கிளம்பிப் போய்விட்டால் என்ன என்று முதல் முறையாகத் தோன்றியது. வடக்கே நடந்தால் என்ன வரும் என்று வரைபடத்தைக்கூடப் பார்த்தேன். பிறகு காலை போன் ஞாபகம் வந்தது. மஞ்சள் இல்லை.

ஆகஸ்ட் 11

ரூத்தின் அலுவலகத்தில். நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பாக்கெட்டு ஒருத்தரோடது இல்லேன்னா?"

ரூத் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"பேச்சுக்குத்தான் பதில் சொல்றேன். காருல ரெண்டு பெரியவங்க. ஒருத்தரோடது இல்லேன்னா இன்னொருத்தரோடது. அரசு வக்கீல் அந்த ஆள் பக்கம் திரும்புவார். அந்த ஆளோட விசா போச்சுன்னா அந்த விசாவுல தொங்கிட்டிருக்கிற எல்லாரும் கீழே வருவாங்க."

"அப்போ ஒருத்தர் போறது நல்லதா, மூணு பேர் போறது நல்லதா?"

"கோமதி, அது சட்டக் கேள்வி இல்லை."

என் வழக்குத் தாள்களைப் புரட்டினாள். "உங்க பரிசோதனை எல்லாம் எனக்கு வந்திருக்கு. ஜாமீன்ல விட்ட அன்னிக்கு எடுத்ததே சுத்தம். வாரத்துக்கு ரெண்டு சாப்பிடறவங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் சுத்தமாகாது. மதிப்பிட்டவர் ஒரே வரிதான் எழுதியிருக்கார், இவங்க பயன்படுத்தினதுக்கு எந்த அறிகுறியும் இல்லைன்னு. இதை வெச்சு நான் வேற ஏதாவது கேட்டுப் பாக்கறேன். ஆனா நாளாகும். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. கிடைக்காம விசாரணை வரைக்கும் போனா, ஐந்து வருஷம்ங்கிற ஆபத்து அப்படியேதான் இருக்கும். இருப்பீங்களா?"

இங்கே யாரும் என்னை இருப்பாயா என்று கேட்டதில்லை, இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 12

இவரிடம் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? உள்ள போட்டுட்டா என்ன செய்வ?"

"போட்டா போடட்டும்."

"ஏன் கோமு இப்படிப் பிடிவாதம் பிடிக்க? யாருக்காக?"

"எனக்காக."

அந்தச் சொல்லை நான் அடிக்கடி சொல்வதில்லை போலிருக்கிறது. போனில் அது வேறு யாரோ பேசியதுபோல் கேட்டது. இவர் குரல் இறங்கிவிட்டது. தூக்கமே வருவதில்லை என்றார். ஆபீஸில் இன்னும் ஆட்களை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்களாம், வசந்த காலத்திலிருந்து தினமும் அந்த பயத்தோடுதான் கார் பார்க்கிங்கில் இறங்குகிறாராம். "நீ போனதுலேருந்து ராத்திரி சுவத்தப் பாத்துட்டுக் கிடக்கேன். இப்ப போட்டுக்கறதுக்கும் பயமா இருக்கு."

எதைப் போட்டுக்கொள்ள என்று நான் கேட்கவில்லை. ரூத் சொன்னபடி, நீதிபதி படிக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13

நீதிமன்றத்தில் ரூத் எழுந்து, என் கட்சிக்காரர் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை என்றாள். நீதிபதி என்னைப் பார்த்து, இது உங்கள் முடிவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த தேதி செப்டம்பரில்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். ரூத்தும் பக்கத்தில் உட்கார்ந்தாள், கோட்டு அழுக்காகும் என்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21

மஞ்சள்.

ஆகஸ்ட் 24

டோனா ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சுக்குப் பிறகு, வயோமிங் எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்துட்டேன் ஹனி." அவளும் போகவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து சீட்டாடினோம். அவள் கள்ளாட்டம் ஆடுகிறாள். நானும்தான்.

செப்டம்பர் 2

நிலானிக்கு இன்று பள்ளி திறப்பு, எட்டாம் வகுப்பு. இவர் போட்டோ அனுப்பினார். தலையை அவளே பின்னியிருக்கிறாள், வகிடு கோணல். சிரிக்கவில்லை. "நல்லாயிருக்கடா" என்று குரல் பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்று நீலக்குறி வந்தது. பதில் இல்லை.

அவளுடைய அம்மா குற்றவாளி. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று இவ்வளவு நாள் இருந்தேன். இன்று அந்தக் கோணல் வகிட்டைப் பார்த்ததும் முடியவில்லை.

செப்டம்பர் 8

ரூத் மோட்டலுக்கே வந்துவிட்டாள். அரசு வக்கீல் இறங்கி வந்திருக்கிறார். போதைப்பொருள் குற்றத்தை எடுத்துவிட்டு, பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தது என்ற சிறு குற்றமாக மாற்றுகிறார். சாலையோரத்தில் ஏதோ சத்தம் போட்ட மாதிரி. அதற்குக் குடியேற்றச் சட்டத்தில் விளைவு இல்லை என்று அந்தத் துறை வக்கீல் ஒருவரிடமும் கேட்டுவிட்டாளாம்.

"பொய்தானே இது? நான் எந்த அமைதியையும் கெடுக்கலையே?"

"பொய்தான். எல்லாரும் ஒத்துக்கிட்ட பொய். நீதிபதிக்கும் தெரியும்."

கேட்டுக்கொண்டு நின்ற டோனா சத்தம் போட்டுச் சிரித்தாள். இரண்டு மாதமாக என் அறையில் டிவி வைத்தது கூடப் பக்கத்து அறைக்குக் கேட்டதில்லை என்று சாட்சி சொல்ல வரட்டுமா என்றாள்.

செப்டம்பர் 12
சாலையில், பிறகு வயோமிங்கில் ஒரு விடுதி

இனி நீதிபதி இதைப் படிக்க மாட்டார். எழுதுகிறேன்.

காலையில் நீதிமன்றம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார், ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அபராதம் கட்டியதும் பாஸ்போர்ட்டை ஒரு பழுப்பு உறையில் போட்டுத் தந்தார்கள். ரூத் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "இனிமே மிட்டாய்னா அட்டையைப் படிங்க" என்றாள். அதோடு அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டாள்.

இவரும் நிலானியும் நேற்றே காரில் வந்திருந்தார்கள். இவர் இளைத்துவிட்டார். நிலானி கட்டிப்பிடித்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. ஊரை விட்டு வெளியே வந்தோம். உருளைக்கிழங்குகளைத் தோண்டி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். புகை விலகி மலைகள் தெரிந்தன. வழியில் காப்பி வேண்டுமா என்று இவர் இரண்டு முறை கேட்டார்.

எல்லைக்குப் பத்துப் பதினைந்து மைல் இருக்கும்போது, வண்டியை நிறுத்துங்கள் என்றேன்.

"பாத்ரூமா? முன்னாடி ரெஸ்ட் ஏரியா வரும்."

"இல்ல. நிறுத்துங்க."

சரளைக்கல் ஓரத்தில் நிறுத்தினார்.

"அந்தப் பாக்கெட்டு யாரோடதுன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

"இப்போவா? கோமு, ஊருக்குப் போய்..."

"இங்கயே. இந்த மாநிலத்துல வெச்சே சொல்லுங்க. நான் சொன்னா அது இன்னொரு தடவை உங்களுக்காக நான் சொன்னதாத்தான் இருக்கும்."

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஒரு லாரி கடந்து போனது, எங்கள் கார் ஆடி நின்றது. திரும்பி நிலானியைப் பார்க்க இவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"நிலா... அது அப்பாவோடதும்மா. அம்மா அதைத் தொட்டதுகூட இல்ல. அப்பாவுக்குப் பயம் வந்துட்டு. அம்மா சொன்னதும் அப்படியே இருந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் இவர் தோள் குலுங்கியது. எனக்கு அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நிலானி அழுவாள், அல்லது ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்துத் திரும்பினேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னடா தெரியும்?"

"கராஜ்ல பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி வைப்பாரு. நான் பாத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட பேசல? அம்மா மேல கோவம்னு நெனச்சேனே?"

அவள் சீட் பெல்ட்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போலீஸ் கேட்டப்போ நீங்க அப்பாவப் பாத்தீங்க. அப்பா கண்ணாடில என்னப் பாத்தாரு. பேசாதன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் பேசல. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்கம்மா. கையில வெலங்கு போட்டதையும் பாத்துட்டேதான் இருந்தேன். போன்ல உங்க குரல் கேட்டாலே அதுதான் வரும். என்ன பேச?"

பிறகு, "நீங்க ரெண்டு பேரும் என்ன கேக்கவே இல்ல" என்றாள்.

இரண்டு மாதமாக அந்த அறையில் நான் ஒருத்திதான் அடைபட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூவரையும் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லை இந்தக் குழந்தை தினமும் விழுங்கிப் பள்ளிக்குப் போயிருக்கிறது. இவரைக் கோபிக்க எனக்குப் பாக்கி நிறைய இருக்கிறது, அதை ஊர் போய்க் கோபிப்பேன். சேர்ந்து இருப்பேனா, எப்படி இருப்பேன் என்பதும் இன்னும் தெரியவில்லை. அதை இவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். அட்டர்னி சொன்னதை நம்பித்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன் என்று ஆரம்பித்தார். பிறகு அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

காரிலிருந்து இறங்கினேன். சரளை காலில் குத்தியது. பின்கதவைத் திறந்து, நிலானியின் பையையும் காலணிகளையும் நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் மடியில் தலை வைக்கவில்லை, அந்த வயதைத் தாண்டிவிட்டாள். கையை மட்டும் நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"போலாமா?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"இரு" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவரை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் முறை. இவர் திரும்பிப் பார்த்துவிட்டு, என்ஜினை அணைத்தார். நிலானி அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றோம்.